மச்சம் பின்னுக்கு, மங்கலம் முன்னுக்கு

மொன்றியலில் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு என்றால் போவது நான்தான். கணவர் வரமாட்டார். வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை அவருடையது. பகல் முழுவதும் முழங்காலில் நிற்கிற மனிதர், மாலையில் கதிரையைக் கண்டால் எழும்பமாட்டார் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், பள்ளி வாசலில் வைத்து ஆசிரியையோடு அவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசியிருக்கிறார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மகள், "அப்பா, இனிமேல் என்ரை ஸ்கூலிலை நீங்கள் கதைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வாசல் பக்கம் அவர் போகவில்லை.

அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம், இலையுதிர்காலச் சந்திப்பில், ஆசிரியை என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "மதாம், என்ன அருமையான கோடை உங்களுக்கு!" என்றார். ஏரிக்கரையில் இரண்டு கிழமை, ருலோத்துக்குள் படுக்கை, கூரையில் மழை விழும் சத்தம், காலையில் அப்பாவோடு மீன்பிடி. எல்லாவற்றையும் மகள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளாம். ருலோத் என்பது வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சில்லு வைத்த வீடு. நாங்கள் அதை ட்றெயிலர் என்போம். எங்களிடம் ட்றெயிலரும் இல்லை, ஏரியும் இல்லை. எல்லாக் கோடையையும் போல அந்தக் கோடையும் ரொறன்ரோவில், கணவரின் அண்ணா வீட்டு நிலவறையில், கம்பளத்தில் பாய் விரித்துப் படுத்தே கழிந்தது. ஒரு கலியாணவீடு, பெரியபிள்ளையானவர்களுக்கு இரண்டு சாமத்தியவீடு, ஒரு பிறந்தநாள். அவ்வளவுதான் எங்கள் விடுமுறை.

நான் என்ன செய்ய? "ஓம் மதாம், நல்ல ஏரி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏசத்தான் வாய் எடுத்தேன். அவள் எனக்கு முன்னமே தொடங்கிவிட்டாள்.

"எல்லாரும் காம்பிங் போயிட்டு வந்து சொல்லுகினம். நான் மட்டும் பேஸ்மென்ட் எண்டு சொல்லுறதே அம்மா?"

இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்குச் சொன்னேன். அவர் புட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு எங்களைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்பது எனக்குக் கோபமாகவும் அவருக்கு வேறு ஏதோவாகவும் இறங்கியிருக்கிறது. அந்த மாரி முழுவதும் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பனி கரைந்து வீதியில் மண் தெரியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வெளிக்கிடும், ஆத்துக்கு அங்காலை லொங்குய்ய் வரைக்கும் போட்டு வருவம்" என்றார்.

லொங்குய்யில் ஒரு வயோதிபத் தம்பதி, முழங்கால் ஏலாமல் போனதால் தங்கள் பழைய ட்றெயிலரை விற்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய கட்டில், நடுவில் மேசையும் அடுப்பும், பின்பக்கம் இரண்டு தட்டுக் கட்டில், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வில்லரேயில் வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படியோடு நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்வீட்டைவிட அது துப்புரவாக இருந்தது. அந்த அம்மா சாவியைத் தரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஐயா விடவில்லை. கையாலும் பிரெஞ்சாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் கணவருக்குப் பாடம் எடுத்தார். பாரமான சாமான் சில்லுக்கு முன்னால் இருக்கவேண்டும், பின்னால் வைக்கவே கூடாது. பின்பாரம் கூடினால் ட்றெயிலர் வீதியில் வாலாட்டும். ஆட்டத் தொடங்கினால் காலால் பிரேக் பிடிக்காதே, வாகனத்துக்குள் பூட்டுகிற இந்தச் சின்னப் பிடியைக் கையால் அமத்து, அது ட்றெயிலரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் என்றார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார். "எனக்குப் பாரம் ஏத்தப் படிப்பிக்கிறார் பாரும். நாள் முழுக்க ஓடும் சீமெந்தும் ஏத்தி இறக்கிறவன் நான்."

அவருடைய பிக்கப் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது. அரைத்தொன் பிக்கப். அரைத்தொன் என்றால் அரைத்தொன்தானே, இந்த வீட்டை எப்படி இழுக்கும் என்று நான் அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். தன் தாயைப் பழித்தது போலப் பார்த்தார். அரைத்தொன் என்பது முந்தின காலத்துப் பெயராம். இழுவை என்று வந்தால் அது அதைப்போலப் பல மடங்கு இழுக்குமாம். இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு என்பதை அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் வீதியில் ட்றெயிலரை விடமுடியாது. மொன்றியல்-நோரில் அவர் ஓடு வாங்கும் கடைக்காரர் தன் பின்வளவில் நிறுத்த இடம் தந்தார். வேலை முடிந்தால் அங்கே போய்விடுவார். கழுவினார், விளக்கு மாற்றினார், கூரை இடுக்கெல்லாம் பசை அடைத்தார், பிக்கப்புக்குள் அந்தச் சின்னப் பிடியையும் பூட்டுவித்தார். கதிரையை விட்டு எழும்பமாட்டார் என்று நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய்யாகப் போனது.

திட்டம் சின்னது. ஆடி மாதத்தில் ஒரு கிழமை, ரொறன்ரோ போகிற வழியில், கிங்ஸ்டனுக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு காம்பிங் இடம். நாங்கள் மூன்று பேர் மட்டும். சொந்தம் இல்லை, நிலவறை இல்லை. மகள் தன் நீச்சல் உடுப்பை ஒரு மாதம் முன்னமே மடித்து வைத்துவிட்டாள்.

கெடுத்தது கணவரின் வாய்தான். இங்கேயே இருக்கிற தன் அக்காவிடம் ஒருநாள் தொலைபேசியில், "அந்தப் பக்கம் போறம்" என்று உளறிவிட்டார். எங்கள் ஆட்களிடையே ரொறன்ரோ பக்கம் போகிற வாகனம் ஓட்டுகிறவருக்குச் சொந்தமில்லை. யார் போனாலும் ஒரு பொதி கொண்டுபோக வேண்டும். அங்கே கிடைக்காத சாமான் மொன்றியலில் ஒன்றுமே கிடையாது, இருந்தாலும் கொடுத்துவிடுவார்கள். இல்லை என்று சொன்னவர்களும் இதுவரை இல்லை. மறுநாளே அந்த அக்கா, என் மச்சாள், எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, கிங்ஸ்டன் வரைக்கும் போறியளாம். அங்காலை எட்டினா ரொறன்ரோதானே. வீட்டையே இழுத்துக்கொண்டு போறியள், ஒரு சின்னப் பெட்டி வைக்க இடமில்லையே?"

எட்டினால் ரொறன்ரோ! கிங்ஸ்டனிலிருந்து இன்னும் மூன்று மணித்தியால ஓட்டம். ரொறன்ரோ அண்ணாவின் மூத்த மகளுக்கு ஆவணியில் கலியாணம். அதனால் சின்னப் பெட்டி வளர்ந்தது, முதலில் ரொறன்ரோவுக்குப் போய் இறக்கிவிட்டுத்தான் ஆற்றங்கரை என்றானது. புறப்படுகிற காலை ஓட்டுக்கடை வளவுக்குள் ஒரு கார் மாறி ஒரு கார் வந்தது. கலியாணப் பலகாரத் தகரங்கள், தைத்து முடித்த சட்டைகள், மஞ்சள் துணி சுற்றிய பித்தளைக் குத்துவிளக்கு. அதோடு கல் கிரைண்டர் ஒன்று, சமையலுக்குக் கிடாரம் இரண்டு, யாரோ வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கருவாடு, யாரோ ஆற்றில் பிடித்து வெட்டி உறையவைத்த மீன் ஒரு பெரிய ஐஸ் பெட்டி நிறைய. நான் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அடுக்கியது நான். கட்டளை என்னுடையதுதான். மீனும் கருவாடும் மச்சம், சைவம் அல்லாதது. கலியாணச் சாமானுக்குப் பக்கத்தில் வைப்பேனா? அதுவும் நாங்கள் படுக்கிற கட்டிலில் மீன் பெட்டியா? "மச்சம் பின்னுக்கு, மங்கலம் முன்னுக்கு" என்று வாசலில் நின்று சொல்லச் சொல்ல, கணவர் ஏற்றினார். குத்துவிளக்கும் சட்டைகளும் பலகாரமும் முன்கட்டிலில் ராசா போலப் படுத்தன. மீன் பெட்டி பின்னுக்கு. மச்சம் சமைத்த கிடாரம், அதுவும் பின்னுக்கு. கிரைண்டர் பாரம், தூக்கித் திரிய ஏலாது, பின்கதவடியிலேயே கிடக்கட்டும் என்றேன். கடைசியாகக் கணவர் தானும் தன் பங்குக்கு, அண்ணாவின் குளியலறைக்கென்று மிஞ்சிய ஓட்டுப் பெட்டிகளைப் பின்கட்டிலுக்குக் கீழே தள்ளினார். லொங்குய்ய் ஐயாவின் பாடம் எங்கள் இரண்டு பேரின் ஞாபகத்துக்கும் வரவில்லை.

ஒன்ராறியோ எல்லை தாண்டி நெடுநேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மகள் பின்சீற்றில் இருந்து, ஆற்றங்கரையில் என்னென்ன செய்யவேண்டும் என்று அடுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களை முந்திப் போனது. அதன் காற்றுப் பட்டதும் ட்றெயிலர் மெதுவாக ஒரு பக்கம் போய் வந்தது. பிறகு மறுபக்கம். பிறகு இன்னும் பெரிதாக. கண்ணாடியில் பார்த்தால் எங்கள் பூத்திரை ஜன்னல் ஒருதரம் இடப்பக்கம் தெரிகிறது, ஒருதரம் வலப்பக்கம் தெரிகிறது. கணவர் பிரேக்கை மிதித்தார். அது பிக்கப்பையே பிடித்து உலுப்பியது. நான் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். மகளிடமிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அப்போது அவர் காலை எடுத்தார். வலக்கையை இறக்கி, அந்தச் சின்னப் பிடியை அமத்தினார். பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போல இருந்தது. ட்றெயிலர் இன்னும் இரண்டுதரம் ஆடி, நேரானது.

வீதியோரம் நிறுத்தினார். நான் அழுதுகொண்டே ஏசினேன். மகள் சொன்னாள்: "அப்பா, வீட்டை போவம். எனக்குக் காம்பிங் வேண்டாம்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "இல்லை. போறம்" என்றார். அவ்வளவுதான்.

மெல்ல உருட்டி அடுத்த ஓய்விடத்தில் கொண்டுபோய் விட்டார். ட்றெயிலருக்குள் ஏறிப் பின்கட்டிலடியில் குனிந்து ஓட்டுப் பெட்டிகளைப் பார்த்தார். "அந்த ஐயா சொன்னவர்" என்று மட்டும் சொன்னார். பிறகு உலகத்தைத் தலைகீழாக மாற்றினோம். கிரைண்டரும் கிடாரமும் முன்னுக்கு வந்தன. மீன் பெட்டி எங்கள் முன்கட்டிலில் ஏறியது. குத்துவிளக்கு பின்னுக்குப் போய்க் கருவாட்டோடு கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுப் பெட்டிகளைப் பிக்கப்பில் ஏற்றியதும் இன்னொரு வில்லங்கம். முன்பாரம் முழுவதும் கொக்கியில் இறங்க, ஓட்டுப் பாரமும் சேர, பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிட்டது, முகம் வானத்தைப் பார்த்தது. அரைத்தொன் எவ்வளவும் இழுக்கும், ஆனால் எவ்வளவும் சுமக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"மெல்லப் போனா ஆத்தங்கரை வரைக்கும் போகலாம். ரொறன்ரோவுக்கு ஏலாது" என்றார். சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்து அண்ணாவுக்கு அழைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"அண்ணை, சாமான் ரொறன்ரோவுக்கு வராது. நாங்கள் தங்கிற ஆத்தங்கரைக்கு வந்து எடுங்கோ."

"ஏன்ரா, வாகனம் பழுதே?"

"வாகனம் நல்லாயிருக்கு. பிள்ளைக்குக் காம்பிங் எண்டு சொன்னனான். அதுதான்."

பத்து வருடத்துக்கு மேலாக நான் குடும்பம் நடத்திய மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தக்காரர் ஒருவருக்கு இல்லை என்று சொன்னார். அதையும் நடுவழியில், சேர்ட்டெல்லாம் மீன் தண்ணீரோடு நின்று சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ட்றெயிலரைப் பின்னுக்கு விட்டு எங்கள் இடத்தில் நிறுத்துவதற்குள் நாங்கள் போட்ட சண்டையைப் பார்க்கப் பக்கத்து இடத்துக்காரர்கள் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். நான் வலம் என்றால் அவருக்கு இடம் கேட்கும். எப்படியோ நிறுத்தினோம். மீன் பெட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கினேன். மகள் தன் பின்கட்டிலில் ஏறிப் படுத்து, "அம்மா, கூரையிலை மழை விழுந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். சாமான் எடுக்க ஒரு வான் போதும். வந்ததோ ஏழெட்டுக் கார். அண்ணா, அண்ணி, கலியாணப் பெண், அவளுடைய தோழிகள், பெயர் தெரியாத மாமாக்கள், கைக்குழந்தைகள். காம்பிங் என்றால் என்னவென்று பார்க்க வந்தார்களாம். ஐஸ் கரைந்துவிட்டது, மீன் ரொறன்ரோ வரைக்கும் தாங்காது என்று அண்ணி பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், கிடாரம் அடுப்பில் ஏறியது. மிளகாய்த்தூள் பொதி பிரிந்தது. அந்தக் கரை முழுவதும் மீன்குழம்பு மணந்தது. ஓட்டுப் பெட்டியில் இருந்தபடி மாமாக்கள் சீட்டு விளையாடினார்கள். காவலுக்கு நின்ற இளம்பெண் இத்தனை பேர் கூடக்கூடாது என்று சொல்லத்தான் வந்தாள். பலகாரத் தகரத்தைத் திறந்து அண்ணி ஒரு முறுக்கைக் கையில் திணித்தார். அவள் பொழுதுபடுவதற்குள் எல்லாரும் போய்விட வேண்டும் என்று மட்டும் சொல்லி, போகும்போது ஈயத்தாளில் சுற்றிய சாப்பாட்டோடு போனாள்.

மகளைக் காணவில்லை. ட்றெயிலருக்குள் போய்ப் பார்த்தேன். பூத்திரையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, கன்னத்தைக் கையில் தாங்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காம்பிங் இல்லை அம்மா. இது கலியாணவீடு."

இவ்வளவு பாடுபட்டும் நிலவறையை நாங்கள் கையோடு இழுத்து வந்துவிட்டோமே என்று இருந்தது. அவள் பக்கத்தில் போய் இருந்தேன். வெளியே அவளுடைய அப்பா, முந்தின நாள் நடந்ததை மாமாக்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை பிக்கப், மறுகை ட்றெயிலர். பின்கை வாலாட்ட, முன்கை இழுபட, உடம்பெல்லாம் ஆட, கடைசியில் பிடியை அமத்துகிற இடத்தில் நின்றார். எல்லாரும் வாய்பிளந்து கேட்டார்கள். கதிரை போட்டிருந்த பக்கத்து இடத்து ஆட்களுக்கு மொழியே தெரியாது, அவர்களும் கேட்டார்கள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா பிழையாச் சொல்லுறார். நான் கத்தவே இல்லை, நீங்கள்தான் கத்தினியள்" என்று இறங்கி ஓடினாள், திருத்துவதற்கு.

பொழுதுபட எல்லாரும் போனார்கள். ஓட்டுப் பெட்டிகளும் கிரைண்டரும் குத்துவிளக்கும் போயின. மிச்ச நாட்கள் நாங்கள் மூன்று பேரும்தான். அவள் கேட்டபடி ஒருநாள் மழையும் பெய்தது. திரும்பி வரும்போது ட்றெயிலர் அசையாமல் எங்கள் பின்னால் வந்தது.

அந்த இலையுதிர்காலச் சந்திப்புக்கு மகள் ஆறாம் வகுப்பு. புறப்படும்போது கணவர் முகம் வழித்து, கலியாணத்துக்கு வாங்கிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படியடியில் நின்றார். "நானும் வாறன். கதைக்கமாட்டன், சும்மா இருப்பன்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். ஆற்றங்கரைக் கதையை ஆசிரியையின் வாயால் ஒருதரம் கேட்கவேண்டும் என்ற ஆசை. எனக்கு விளங்கியது. மகள் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

புது ஆசிரியை. புள்ளியெல்லாம் நல்லது என்றார். பிறகு மகளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தயங்கினார். பிள்ளைக்கு வளமான கற்பனை, மதாம். கோடையைப் பற்றிக் கேட்டபோது, வீதியில் ஆடிய ருலோத்தாம், அப்பாவின் கட்டிலில் படுத்த மீனாம், அரைக்கிற கல்லைத் தேடி ரொறன்ரோவிலிருந்து வந்த கார்களாம், காட்டுக்குள் ஒரு பெரிய பானையில் ஊருக்கே சமைத்தார்களாம். வகுப்பு சிரித்ததாம். ஒரு பையன் பொய் என்றானாம். இவள் விடவேயில்லையாம், கோபத்தில் முகம் சிவந்துவிட்டதாம். கதை சொல்வது நல்ல திறமைதான், ஆனால் உண்மை எது, கதை எது என்று வீட்டில் நீங்களும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றார், மிகவும் அன்பாக.

எனக்குக் கோபம் ஏறியது பாருங்கள். இல்லாத ஏரியை அப்படியே நம்பினார்கள், இருந்த மீனை நம்பவில்லை! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்தில் கதிரை நகரும் சத்தம். கணவர் எழுந்து நின்றார்.

"செ வ்ரே, மதாம்" என்றார். உண்மைதான், மதாம். "செ வ்ரே."

அதோடு அவருடைய பிரெஞ்சு முடிந்தது. ஆசிரியை அவரையே பார்த்தார். கணவர் மகள் பக்கம் பார்த்தார். சொன்ன சொல்லை மீறிவிட்டேன் என்ற முகம். மெல்ல உட்காரப் போனார்.

மகள் அவருடைய சேர்ட் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்காதேங்கோ அப்பா. ட்றெயிலர் ஆடினதைச் செய்து காட்டுங்கோ. நான் பிரெஞ்சிலை சொல்லுறன்."